குரும்பை உதிர்ந்தது வெடியால் அல்ல

அன்பு மகனுக்கு,

உறையின் மேலிருக்கும் எழுத்தைப் பார்த்ததும் உனக்கு நெஞ்சு திக்கென்று இருந்திருக்கும். ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அம்மா சுகம், நான் சுகம், மாடும் சுகம். வீட்டிலிருந்து வரும் கடிதம் எல்லாம் உன் அம்மா எழுதுவது. அவள் எட்டாம் வகுப்பு வரை படித்தவள். அவளுடைய எழுத்து பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் காலையில் நிற்பது போல வரிசையாக நிற்கும். நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு விடுதலை கொடுத்தவன். என் எழுத்து மணலில் நண்டு போனது போலத்தான் இருக்கும், பொறுத்துக்கொண்டு வாசி. அவள் எழுதினால் ஒரே சொல்லில் "வா" என்று எழுதிவிடுவாள். அதனால்தான் அவள் கோயிலுக்குப் போன நேரம் பார்த்து அலுமாரிக்குள் இருந்த பேனையை நான் எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

நீ கேட்டது ஒரே ஒரு கேள்வி. ஆவணியில் கலியாணம் முடிந்ததும் கொழும்புக் கடை வேலையை விட்டுவிட்டு, உனக்குப் பேசியிருக்கிற லிங்கநகர்ப் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு தோட்டத்து வீட்டுக்கே வந்துவிடட்டுமா என்று கேட்டாய். முதலாளிக்கு இந்த மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும் என்றும் எழுதியிருந்தாய். எங்காவது ஒன்று வெடித்தால் உன் அறைக் கதவைத்தான் முதலில் தட்டுகிறார்கள், பொலிஸ் பதிவைக் காட்டிக் காட்டி அந்தத் தாளே கிழிந்துபோய்விட்டது, "எங்கள் தென்னை எங்களைக் கைவிடாதுதானே அப்பா" என்று முடித்திருந்தாய். அந்தக் கடைசி வரியை உன் அம்மா எனக்கு மூன்று தரம் வாசித்துக் காட்டினாள். வாசித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். நான் மாட்டுக்குத் தண்ணீர் வைக்க வேண்டும் என்று எழும்பிப் போய்விட்டேன். மாடு அன்றைக்குக் குடித்த தண்ணீர் ஒரு கிழமைக்குப் போதும்.

நான் எதையும் நேராகச் சொல்லத் தெரியாதவன், சுற்றி வளைத்துத்தான் வருவேன். நீ கொழும்புக்குப் போன வருஷம்தான் தென்னை மரத்தில் ஏறக்கூடாது என்று படைக்காரரின் உத்தரவு வந்தது. சீனக்குடாப் பக்கம் போகும் தெருவோரம் நம் காணி மேட்டில் இருக்கிறது. மரத்தின் மேலே போனால் துறைமுகம் முழுவதும் கண்ணுக்குத் தெரியும். எந்தக் கப்பல் வந்தது, எது போனது என்று சும்மா இருந்து எண்ணலாம். நாங்கள் தேங்காயைத்தான் எண்ணுவோம் என்று சொன்னால் யார் கேட்கிறார்கள். அன்றோடு தென்னை ஏறுகிற சின்னராசா வருவது நின்றது. கொக்கைத்தடிக்கு எட்டின காயை இழுத்து விழுத்தினோம். எட்டாத காய் தனக்கு எப்போது மனம் வருகிறதோ அப்போது விழட்டும் என்று கீழே காத்திருந்து பொறுக்கினோம். சின்னராசா தேங்காய் பறிக்கத்தான் வருகிறான் என்று நாங்கள் இவ்வளவு காலமும் நினைத்திருந்தோம். அவன் ஏறும்போதெல்லாம் மரத்தின் தலையில் ஓலை விரிகிற வட்டைத் துப்புரவாக்கி, பன்னாடையை இழுத்துப் போட்டு, குருத்துக்குள் கொம்பு வண்டு இருந்தால் கம்பியால் குத்தி எடுத்துவிட்டுத்தான் இறங்குவான். அதற்கு அவன் தனிக் கூலி கேட்டதில்லை, அதனால் அது ஒரு வேலை என்று எங்களுக்குத் தெரியவும் இல்லை.

அடுத்த மாரியில் குரும்பை உதிரத் தொடங்கியது. காலையில் எழும்பிப் பார்த்தால் மரத்தடியில் பிஞ்சு பிஞ்சாகக் கொட்டிக் கிடக்கும். அந்த நாட்களில் துறைமுகப் பக்கமிருந்து பெரிய வெடிகள் கேட்டுக்கொண்டே இருந்தன. குசினியில் கோப்பை குலுங்கும், கோழி கூட்டுக்குள் ஓடும். இவ்வளவு அதிர்ச்சிக்குக் குரும்பை உதிராமல் என்ன செய்யும். இதை யார் முதலில் சொன்னது என்று தெரியாது, ஆனால் ஊர் முழுவதும் ஒரே கதைதான். தேத்தண்ணிக் கடையில் போய் உட்கார்ந்தால் அடுத்த காணிச் செல்லத்துரையர் தொடங்குவார்.

"நேற்று அடிச்ச அடியிலை எனக்கு ஒரு சாக்குக் குரும்பை விழுந்து போச்சு."

"உங்களுக்குச் சாக்கோட போச்சு அண்ணை. எனக்குக் கிணத்துக்குள்ள விழுந்து, வாளி விட்டா குரும்பைதான் வருகுது" என்பேன் நான்.

வெடிச் சத்தமே கேட்காத நாட்களும் இருந்தன. அந்த நாட்களிலும் குரும்பை விழுந்தது. ஒருநாள் இதை நானே கடையில் கேட்டுவிட்டேன். செல்லத்துரையர் தேத்தண்ணியைக் கீழே வைத்துவிட்டு, "அது முந்தநாள் வெடி. மனுசருக்கு உடனை கேக்கும். மரத்துக்கு மெல்லத்தான் ஏறும்" என்று விளக்கம் சொன்னார். நாங்கள் எல்லாரும் தலையாட்டினோம். இன்றைக்கு நினைத்தால் எனக்குச் சிரிப்பு வருகிறது. சிரித்து முடிந்ததும் சுவரில் தலையை மோத வேண்டும் போல இருக்கிறது.

தலையாட்டாத ஆள் ஒருவர்தான். நம்மிடம் தேங்காய் வாங்க வரும் கிண்ணியா அசன் நானா. மிதவைப் பாதையில் லொறியை ஏற்றிக் கடலைக் கடந்து, இக்கரை வந்து, வழியில் உள்ள சோதனை எல்லாம் கழித்து வந்து நிற்கிற மனுசனுக்கு நான் ஒரு சின்னக் குவியலைக் காட்டினேன். அவர் ஒரு காயை எடுத்துக் காதடியில் வைத்து ஆட்டினார்.

"இது என்ன மச்சான், தேங்காயோ கொட்டப்பாக்கோ?"

"வெடியாலை சுருங்கிப் போச்சு நானா."

"வெடிக்கு மனிசன் சுருங்குவான், தேங்காய் சுருங்குமோ? அதே வெடிதானே எங்கட கிண்ணியாவிலையும் கேக்குது. எங்கட காய் சுருங்கயில்லயே."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "உங்களுக்கும் எங்களுக்கும் நடுவிலை கடல் கிடக்குது. தண்ணிக்கு மேலாலை வாற சத்தம் குளிர்ந்துதான் வரும்" என்றேன். நானா லொறிக் கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தார், விட்டிருந்தால் விழுந்திருப்பார். அன்றைக்கு அவர் சொன்னதை நான் வீட்டுக்கு வந்து ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை. வெடியைப் பழி சொல்வது சுகமாக இருந்தது. வெடியை யாரும் போய் நிறுத்த ஏலாது. ஆகவே நாமும் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை, கடையில் இருந்து பெருமூச்சு விட்டால் போதும்.

இந்தப் பழக்கம் தோட்டத்தோடு நிற்கவில்லை மகன். உன் மாமா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தபோதெல்லாம் நாங்கள் வெடிப் பயம் என்றோம். சீனித் தண்ணீர் கொடுத்தோம், நூல் கட்டினோம், காதுக்குள் பஞ்சு வைத்துவிட்டோம். காதில் பஞ்சோடுதான் அவர் செத்துப்போனார். அவருக்கு இருதய வருத்தம் இருந்திருக்கிறது. அது சண்டை இல்லாத ஊரிலும் ஆட்களுக்கு வருகிற நோய்தான். நீயும் சின்ன ஆளில்லை. பள்ளிக்கூடத்தில் கணக்குக்கு நூற்றுக்குப் பத்துப் புள்ளி வாங்கிக்கொண்டு வந்து ஹெலிகொப்டர் சத்தத்தில் யோசிக்க ஏலாமல் போனது என்று சொன்னாய். நான் நம்பி உனக்கு முட்டைப் பொரியல் போட்டுத் தரச் சொன்னேன். அடுத்த தவணை ஹெலிகொப்டர் வரவில்லை, புள்ளியும் வரவில்லை.

நோய் வெளியே தெரிய வந்தது பிள்ளையாரால்தான். பங்குனியில் நம் ஊர்க் கோயில் திருவிழாவுக்குக் குருத்தோலைத் தோரணம் கட்ட வேண்டும். கோயில்காரர் போய்க் கெஞ்சி, ஒரு மணித்தியாலம் மட்டும் மரம் ஏற அனுமதி வாங்கி வந்தார்கள். வருஷக்கணக்காக வராத சின்னராசா காலில் மாட்டி ஏறுகிற தளநாரோடு வந்து நின்றபோது எனக்குக் கலியாண வீட்டுக்குப் போனது போல இருந்தது. கிணற்றடி மரத்தில் ஏறினான். கீழே காவலுக்கு வந்த படைக்காரப் பொடியன் துவக்கோடு அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான். கோயில்காரர் குருத்தை ஏந்த வெள்ளைச் சீலை பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

"அண்ணை, கொஞ்சம் தள்ளி நில்லுங்கோ" என்றான் சின்னராசா மேலேயிருந்து.

"ஏன், குருத்து விழுந்தா நான் செத்துப் போவனோ?" என்றேன்.

"வெட்டவே இல்லை அண்ணை. தொட்டனான், கையோட கழண்டு வருகுது."

விழுந்த குருத்தின் அடி கூழாகக் கிடந்தது. செத்த எலி மணந்தது போல ஒரு நாற்றம். சீலை பிடித்தவர்கள் சீலையை விட்டுவிட்டு மூக்கைப் பிடித்தார்கள். அடுத்த மரமும் அப்படி, அதற்கடுத்ததும் அப்படி. ஒவ்வொரு வட்டிலும் வண்டு துளைத்த ஓட்டை இருக்கிறது என்று சின்னராசா சத்தமாகச் சொல்லிக்கொண்டே இறங்கினான். கீழேயிருந்து பார்த்த எனக்கு அந்த மரங்கள் எல்லாம் பச்சைப் பசேல் என்றுதான் தெரிந்தன. நடுக் குருத்து அழுகின பிறகும் பழைய ஓலை மாதக்கணக்கில் பச்சையாகவே நிற்கும், முன்பு பிடித்த காய் கொஞ்சம் முற்றி விழும். புதுப் பாளை மட்டும் வராது. இருப்பதை விழுத்தி முடித்ததும் மரம் முடிந்தது. அதைத்தான் நான் மகசூல் கொஞ்சம் குறைவு என்று நானாவுக்கு விற்றுக்கொண்டிருந்தேன். அந்த வருஷம் பிள்ளையாருக்குக் கடதாசித் தோரணம் கட்டினார்கள். உன் அம்மா கோயில் வாசலில் நின்று, "வெடி மருந்துப் புகை குருத்துக்குள்ள போயிருக்கும்" என்றாள். அவளோடு வாதாடி வென்ற ஆள் இன்னும் பிறக்கவில்லை, நீயும் அந்தக் கணக்கில்தான்.

அடுத்த கிழமை நல்ல சேர்ட் போட்டுக்கொண்டு ஓர்ஸ் ஹில்லில் இருக்கும் அரசாங்கக் கந்தோர் ஒன்றுக்குப் போனேன், பயிர் நோய்க்கு அங்கே கேட்கலாம் என்று சொன்னார்கள். அங்கிருந்த தம்பி நல்ல பிள்ளை. கதிரை தந்து பொறுமையாகச் சொன்னார். வண்டு துளைத்த ஓட்டையில் மழைத் தண்ணீர் நிற்கும், அதில் குருத்தழுகல் பிடிக்கும். பிடித்த மரத்தின் தலையை வெட்டி எரிக்க வேண்டும், மற்ற மரத்துக்கு மயில்துத்தமும் சுண்ணாம்பும் கரைத்துக் குருத்தடியில் ஊற்ற வேண்டும். "அதோட ஐயா, வண்டு எங்கேயோ குஞ்சு பொரிக்குது. உக்கின தென்னங்குற்றி பக்கத்திலை எங்கேயும் கிடக்கும், தேடிப் பாருங்கோ" என்றார். மயில்துத்தத்தைக் கடையில் வாங்கினேன். நம் வாசலுக்கு முன்னால் இருக்கும் படைக்காரரின் காவலரணில் அந்த நீலக் கல்லைப் பார்த்ததும் எல்லாருடைய முகமும் மாறிவிட்டது. தென்னைக்கு மருந்து என்றேன். வெடி செய்வார்கள் என்று பசளைக்கே தடையிருக்கிற காலத்தில் நீலக் கல்லை யார் விடுவார்கள். கல் அங்கேயே தங்கிவிட்டது, நான் மட்டும் வீட்டுக்கு வந்தேன். சுண்ணாம்பைத் திருப்பித் தந்தார்கள், வெற்றிலைக்கு ஆகும்.

உக்கின குற்றியைத் தேடிக் காணி முழுவதும் அலைந்தேன். மாட்டெருக் கும்பியைக் கிளறினேன், வேலியடியைக் கிளறினேன். உன் அம்மா, "காசு புதைச்சு வச்சனீங்களோ?" என்று கேட்டாள். ஒரு குற்றியும் இல்லை. நான் துப்புரவான மனுசன் என்று எனக்குப் பெருமையாகவும் இருந்தது, அந்தப் பெருமையை அடுப்பில் போட வேண்டும் போலவும் இருந்தது. ஒரு பக்கம் மரம் சாகிறது, மறு பக்கம் காரணம் இல்லை. யாரையாவது ஏச வேண்டும் போல இருந்தது, கிட்ட நின்றது மாடு ஒன்றுதான்.

பிறகு ஒருநாள் பின்னேரம் பட்டணத்திலிருந்து வரும்போது காவலரணில் என் அடையாள அட்டையை வாங்கிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார்கள். மழை கொட்டியது. காவலில் நின்ற பொடியன் என்னை உள்ளே வந்து ஒதுங்கச் சொன்னான். தெற்கே காலிப் பக்கத்து மீன்காரக் குடும்பத்துப் பிள்ளை, தமிழ் அரைகுறை, என் சிங்களமும் அப்படித்தான். இரண்டு பேரும் அரையும் அரையுமாகச் சேர்த்து முழுசாகக் கதைப்போம். அவன் தனக்கு ஊற்றிய தேத்தண்ணியில் பாதியை எனக்கு ஊற்றித் தந்தான். தன் கோப்பையை வாயடிக்குக் கொண்டுபோன நேரம் கூரையிலிருந்து பெருவிரல் தடிப்பில் ஒரு வெள்ளைப் புழு அதற்குள் பொத்தென்று விழுந்தது. பொடியன் கோப்பையை எறிந்துவிட்டு மழைக்குள் பாய்ந்தான். துவக்கு ஒரு பக்கம், தொப்பி ஒரு பக்கம்.

"மல்லி, உள்ள வாரும். அது வண்டுக் குஞ்சு, கடிக்காது" என்று அவனைச் சிங்களத்தில் தம்பி என்று கூப்பிட்டேன்.

"வேணாம் ஐயா, எனக்கு வேணாம். நீங்க பிடிங்க" என்று மழையில் நின்றபடி சொன்னான்.

நான் வயிறு நோகச் சிரித்தேன். சிரித்துக்கொண்டே அண்ணாந்து பார்த்தேன், சிரிப்பு நின்றுவிட்டது. கூரைக்குப் போட்டிருந்தது தென்னங்குற்றி. பெருவிரலால் அழுத்தினேன், விரல் தேத்தண்ணியில் நனைத்த பாணுக்குள் போவது போல உள்ளே போனது. தட்டினால் புழு கொட்டுகிறது. அந்தக் குற்றி எங்கேயிருந்து வந்தது என்று உனக்கும் தெரியும். காவலரண் போட வந்த நாளில் தெருவோரம் நின்ற நம் முன் வரிசையைத்தான் தறித்துக் கொண்டுபோனார்கள். நீ அன்றைக்கு வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றாய். நம் மரம்தான் உக்கி, வண்டு வளர்த்து, நம் மற்ற மரங்களுக்கே அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறது. குரும்பை உதிர்ந்தது சண்டையால்தான், ஆனால் வெடியால் இல்லை. செல்லத்துரையருக்குச் சொன்னேன். அவர் அரை மனதோடு, "அப்ப வெடியும் சேர்ந்துதான்" என்றார்.

இப்போது சொல், துவக்கு வைத்திருக்கிற ஆளிடம் போய் உன் கூரையைப் பிரித்து எரி என்று எப்படிச் சொல்வது. இரண்டு நாள் சிங்களத்தில் சொல்லிப் பழகினேன். மாட்டுக்கு அது பாடம். பிறகு பெரிய மாத்தையாவிடம், அவர்களுடைய அதிகாரியிடம் போனேன். அவர் அமைதியாகக் கேட்டார், ஒரு புழுவைக் கொண்டுபோய்க் காட்டினேன், அதையும் பார்த்தார். பக்கத்தில் நின்ற ஒருவர் தமிழில் சொன்னார்.

"உங்கட மரத்தை எங்கட பங்கர் தின்னுது எண்டு சொல்றீங்களோ எண்டு மாத்தையா கேக்கிறார்."

"பங்கர் இல்லை ஐயா. பங்கருக்குள்ள இருக்கிற வண்டு."

மாத்தையா சிரித்தார். கூரை தொய்ந்திருப்பது அவருக்கும் தெரியும், எப்போது தலையில் விழுமோ என்று அவருக்கும் பயம். பழையதை எரிக்கலாம் என்றார். நான் கும்பிட்டேன். "புதுக் குற்றி வேணும்" என்றார். ஓம், வேணும்தானே என்றேன். அவர் என் தோளுக்கு மேலாக நம் தோட்டத்தைப் பார்த்தார். நோய் பிடித்த மரங்களைத் தறியுங்கோ, அடிமரம் இன்னும் உறுதியாகத்தான் இருக்கிறது என்று சொல்லிப் பார்த்தேன். அதற்கு வந்த பதிலை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். "நோய் மரத்திலை வண்டு வருமெண்டு இப்ப நீங்கள்தானே சொன்னீங்கள். மாத்தையாவுக்கு நல்ல மரம் நாலு வேணுமாம். நாளைக்கு வருவினம், நீங்களே பார்த்துச் சுண்ணாம்பு பூசி வையுங்கோ." என் வாயாலேயே என்னைக் கட்டிவிட்டார்கள்.

வீட்டில் அன்றைக்கு நடந்த சண்டை துறைமுகத்துக்குக் கேட்டிருக்கும்.

"நோய் தின்னாமல் விட்ட மரத்தை நீங்கள் கையாலை பிடிச்சுக் குடுக்கப் போறியளோ?" என்றாள் உன் அம்மா.

"இஞ்சேர், அந்தப் பழைய குற்றி கிடந்தா ஒரு மரமும் மிஞ்சாது. நாலைக் குடுத்தால் மிச்சம் தப்பும்."

"எந்த நாலு?"

எனக்குத் தெரியவில்லை. சுண்ணாம்புச் சட்டியைப் பிடித்துக்கொண்டு தோட்டத்துக்குள் ஒவ்வொரு மரத்தடியிலும் நின்றேன், பூச மனம் வரவில்லை. அவள் குசினிக்குள்ளிருந்து வந்து என் கையிலிருந்த சட்டியைப் பறித்தாள். இவ்வளவு காலமும் கீழே விழுந்த காயைப் பொறுக்கினது அவள்தானே, எந்த மரம் என்ன தருகிறது என்று அவளுக்குத்தான் தெரியும். மேற்கு வேலியோரம் நேராக, வழுவழுப்பாக, கோயில் தூண் போல நின்ற மரங்களாகப் பார்த்துப் பூசினாள். "பார்க்க வடிவு. வருஷத்துக்கு நாலு காய். உங்களை மாதிரித்தான்" என்றாள். அவள் அழுதுகொண்டு பூசினாள், நான் சிரித்துக்கொண்டு பின்னால் போனேன், இரண்டும் ஒன்றுதான். வந்தவர்கள் அவற்றைப் பார்த்து நல்ல மரம் என்று மெச்சித்தான் தறித்தார்கள். ஆனால் நீளம் போதவில்லை என்று சொல்லிக் கிணற்றடிக்குப் பின்னால் நின்ற நன்றாகக் காய்க்கிற மரம் இரண்டையும் சுண்ணாம்பு இல்லாமலே தறித்தார்கள். அதில் ஒன்றில் அந்த வருஷத்திலேயே பெரிய குலை இருந்தது.

பழைய குற்றிகளைக் கடற்கரையில் போட்டு எரித்தார்கள். புழுவுக்கு வந்த காகம் முழுவதும் அங்கேதான். காலிப் பொடியன் எட்ட நின்று மூக்கைப் பொத்திக்கொண்டு பார்த்தான். அந்தச் சந்தோஷத்தில் மாத்தையா எனக்கு ஒரு பகல் மரம் ஏற அனுமதி தந்தார். சின்னராசா வந்தான். அழுகின தலைகளை வெட்டி இறக்கினான், அவற்றையும் எரித்தோம். மற்ற மரங்களின் மட்டை இடுக்குகளில் உப்பும் சாம்பலும் மணலும் கலந்து போட்டோம், அதைச் சோதனையில் யாரும் பிடிக்க மாட்டார்கள். புதுக் குற்றியும் ஒருநாள் உக்கும் என்று எனக்குத் தெரியும். அசன் நானாவின் லொறியில் கழிந்த எண்ணெய் வாங்கிக் கொடுத்துப் பொடியனைக் கொண்டு கூரை முழுவதும் பூசுவித்தேன். மாதம் ஒருதரம் போய்ப் பெருவிரலால் அழுத்திப் பார்க்கிறேன். அவன் என் பையைச் சோதிக்கிறான், நான் அவன் கூரையைச் சோதிக்கிறேன்.

சின்னராசா இறங்கி வந்து கையைக் கழுவிக்கொண்டு, நின்றதில் பாதிக்கும் குறைவுதான் உயிரோடு இருக்கிறது என்று சொன்னான். அந்தப் பாதியிலும் கூடுதலானவை குருத்து அடிபட்டவைதான். இனி வருகிற குருத்து நல்லதாக வந்தாலும் அது ஓலையாகி, பாளை விட்டு, காய் முற்ற இரண்டு மூன்று வருஷம் போகும். அதற்கிடையில் மாரி வரும், வண்டு வரும். இந்தத் தோட்டம் இப்போது என்னையும் உன் அம்மாவையும் மாட்டையும் இழுத்துப் பறித்துத் தாங்கும். மாட்டுக்கும் எனக்கும் இடையில் யாருக்கு முதலிடம் என்று நான் கேட்பதில்லை. இன்னொரு குடும்பத்தைத் தாங்காது.

ஆகவே மகன், வேலையை விடாதே. முதலாளியிடம் நிற்கிறேன் என்று சொல். கதவு தட்டுகிறவனுக்குத் திறந்து அந்தக் கிழிந்த தாளைக் காட்டு. இதை எழுத எனக்கு எவ்வளவு ஆத்திரமாக இருக்கிறது என்று உனக்குத் தெரியாது. மூன்றாம் வகுப்பு மட்டும் படித்தவனுக்கு ஆத்திரத்தை எழுதும் சொல் எல்லாம் தெரியாது, தெரிந்தவை எழுதக் கூடாதவை. பெற்ற பிள்ளை வீட்டுக்கு வரட்டுமா என்று கேட்கிறான், அப்பன் வேண்டாம் என்று எழுதுகிறேன். கலியாணம் செய்கிற உனக்குச் சொல்ல என்னிடம் ஒரு புத்திதான் இருக்கிறது. அவள் முகம் வாடியிருந்தால் நாட்டு நிலைமை என்று நீயாகவே முடிவு கட்டிவிடாதே, என்ன என்று கேள். உனக்கு வயிறு நொந்தால் பயத்தில் என்று சொல்லாதே, டொக்டரிடம் போ. சண்டைக் காலத்தில் நடக்கிறதெல்லாம் சண்டையால் நடக்கிறது இல்லை, சண்டையால் நடக்கிறதும் நாம் நினைத்த வழியால் நடப்பது இல்லை. ஏறிப் பார்க்க விடாவிட்டால், ஏறிப் பார்க்க ஒரு வழி தேடு.

இந்த இடத்தில் எழுதிக்கொண்டிருக்கும்போதே உன் அம்மா கோயிலால் வந்துவிட்டாள். ஒளிக்க நேரமில்லை. பின்னால் நின்று என் நண்டு எழுத்தை முழுவதும் வாசித்தாள். நான் பேனையை மூடிக்கொண்டு அடி விழும் என்று இருந்தேன்.

"வரவேண்டாமெண்டு எழுதிப் போட்டியளோ?"

"ஓம்."

அவள் தன் நெற்றியில் இருந்த திருநீற்றைத் தொட்டு என் நெற்றியில் பூசினாள்.

"சரி. ஆனா தோட்டம் அழிஞ்சு போச்செண்டு அனுப்பாதேங்கோ. இஞ்ச வெடி கூடிப் போச்சு, அதாலை வரவேண்டாமெண்டு மாத்தி எழுதுங்கோ. பிள்ளை அதை நம்புவான். மருமகளுக்கும் அது மரியாதை."

மாற்றி எழுதுகிறேன் என்று அவளிடம் சொல்லிவிட்டேன். அவள் அரிசி களையப் போய்விட்டாள், நான் இதை அப்படியே உறைக்குள் வைக்கப் போகிறேன். அசன் நானாவின் ஆள் ஒருவர் நாளைக்குக் கொழும்புக்குப் போகிறார், அவர் கையில் கொடுத்துவிடுவேன். ஆகவே அம்மாவைப் பொறுத்தவரை உனக்கு வந்தது வெடியைச் சொன்ன கடிதம்தான், நீ நம்பிவிட்டாய், அவளிடம் கதைக்கும்போது அப்படியே இருக்கட்டும். கலியாணம் முடிந்து ஒரு கிழமை மருமகளைக் கூட்டிக்கொண்டு வந்து தங்கிவிட்டுப் போ. வந்த அன்றைக்கு அம்மா அவளுக்கு இளநீர் வெட்டித் தரச் சொல்லுவாள். நான் முதல் நாளே கிண்ணியாப் பக்கமிருந்து ஒரு குலை வாங்கிக் கிணற்றடியில் போட்டு வைத்திருப்பேன். நம் கிணற்றடி மரத்துக் குலை என்று அம்மா சொல்லுவாள். நீ தலை வெட்டின அந்த மரத்தை அண்ணாந்து பார்க்காமல் குடி. நல்ல இனிப்பு என்று அம்மாவுக்குக் கேட்கும்படி சொல்.

அப்பா